பரிசு வாளி

“கீரை விதைக்கக் காலம் தப்பிப் போச்சா தம்பி?” என்று கேட்டார் திலகவதி.

ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. வில்லிவாக்கத்து வெயில் மட்டும் இன்னும் சித்திரையை விட்டு நகரவில்லை.

கேட்டவருக்கு அறுபத்தொரு வயது. தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதில் சொல்ல வேண்டிய பாக்கியநாதனுக்கு முப்பதுதான் ஆகிறது. பிளம்பர். எதிர்க் கட்டட மொட்டை மாடியில் நாற்பது வாளிகளில் கீரையும் கத்தரியும் வளர்க்கிறவர். செடி விஷயத்தில் அந்தத் தெருவுக்கே அவர்தான் குரு.

“உங்க மாடியில வெயில் எத்தனை மணிக்கு வருதும்மா?”

இருபது வருஷமாக வடகம் காயவைத்த மாடி. ஆனாலும் திலகவதிக்குத் தெரியவில்லை.

“தெரிஞ்சுக்கிட்டு வாங்க.”

மறுநாள் முழுக்கக் குடை பிடித்தபடி மாடியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

“எட்டரைக்கு வருது தம்பி. ரெண்டு மணிக்குத் தண்ணித் தொட்டி நிழல் விழுந்துடுது.”

“அப்போ காலம் இருக்கு. வாளியில ஓட்டை போட்டு மண்ணை நிரப்புங்க.” ஒரு கை சிறுகீரை விதையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் வரதராஜன் கறாரான ஆள்.

“ஆவணிக் கடைசிக்குள்ள மாடியில பச்சை தெரியணும் மேடம். இல்லேன்னா வாளியெல்லாம் கீழ இறங்கிடும்” என்று, மாடியில் மூன்று வாளி வைக்க அனுமதி கொடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

“உங்க கையில கீரையைக் கொடுக்கிறேன், பாருங்க” என்று இவரும் விட்டுக்கொடுக்காமல் சொல்லிவிட்டார்.

விதைத்த நாலாம் நாள் முளைத்தது. திலகவதி மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டாத ஆள் இல்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் இடியோடு மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் நாற்றெல்லாம் வேரோடு பெயர்ந்து தண்ணீரில் மிதக்கிறது.

“மழை கொன்னுடுச்சு தம்பி. நான் அப்பவே கேட்டேனே, காலம் தப்பிப் போச்சான்னு.”

பாக்கியநாதன் மாடியேறி வந்தார். ஒரு வாளியைச் சாய்த்தார். சேறும் தண்ணீருமாக ஊற்றியது. அடியைத் தடவிப் பார்த்தார்.

“ஓட்டை எங்கம்மா?”

திலகவதி முந்தானையால் வாளியின் விளிம்பைத் துடைத்தார்.

“பொங்கலுக்குக் கோலப் போட்டி வைப்பாங்க. மூணு வருஷம் நான்தான் முதல் பரிசு. மூணு வாளியும் அப்படி வந்தது. ஒழுகுற வாளியை அரக்கு வெச்சு அடைச்சே காலம் தள்ளினவ நான். நல்ல வாளியில எப்படித் தம்பி ஓட்டை போடுறது?”

“நானும் ஒழுகுறதை அடைச்சுத்தான் சோறு திங்கிறேன்” என்றார் பாக்கியநாதன்.

கீழே போய்த் திலகவதி வீட்டு அடுப்பில் ஒரு கம்பியைச் சிவக்கக் காய்ச்சினார். பிடியில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தெருவைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டார்.

முதல் ஓட்டைக்குக் கம்பியை வைத்து வைத்து எடுத்தார் திலகவதி. பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றத்தில் கண் கலங்கியது. நாற்றம் மட்டும் காரணமில்லை. அடுத்த வாளிக்கு அவரே அடுப்படிக்குப் போய்க் கம்பியைக் காய்ச்சிக்கொண்டு வந்தார். மூன்றாவது வாளியில் வைத்ததுமே அழுத்திவிட்டார்.

மூன்றையும் மழைநீர்க் குழாய்ப் பக்கமாகச் செங்கல் மேல் ஏற்றி வைத்து, மறுபடி விதைத்தார்.

ஆவணியின் கடைசி நாள். விடியற்காலையில் நல்ல மழை. வாளிகளைக் கீழே இறக்க இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார் வரதராஜன்.

மூன்று வாளியிலும் நாலு விரல் உயரத்துக்குக் கீரை நெருக்கமாக நின்றது. அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. வந்த ஆட்கள் செயலாளரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் குனிந்து வாளியைப் பார்த்தார்.

“என்ன மேடம், பரிசு வாளி மூணும் இப்படி ஒழுகுது?”

திலகவதி ஒரு பிடி கீரையைப் பிடுங்கி, மண்ணை உதறி, அவர் கையில் வைத்தார்.

“நான் போட்ட ஓட்டை. நல்லா ஒழுகட்டும்.”