நார் வலை பாடிய பாட்டு

விளாமரக் காட்டில் ஒரு சிலந்தி இருந்தது. மற்றச் சிலந்திகள் ஈ பிடிக்க வலை கட்டும். இது பாட்டுப் பிடிக்க வலை கட்டியது.

விளாம்பழத்தைத் தின்றுவிட்டு எறிந்த ஓடுகள் மரத்தடியில் நிறையக் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, அதன் வாயில் சிலந்தி வலை பின்னும். அந்த வலைக்கு முன்னால் நின்று பாடினால் பாட்டு ஓட்டுக்குள் போய்த் தங்கிக்கொள்ளும். பிறகு வலையை ஒரு சுண்டு சுண்டினால் உள்ளே போன பாட்டு அப்படியே வெளியே வரும். அது எப்படி முடியும் என்று கேட்காதீர்கள். கரடி பேசும் என்பதை நம்பப் போகிறீர்கள், இதையும் சேர்த்து நம்பிவிடுங்கள்.

ஓடு யாருக்கும் சொந்தமில்லை. வலைக்குத்தான் விலை. ஓர் அரசிலை நிறைய ஈ பிடித்துக் கொடுத்தால் ஒரு வலை. பனியில் வலை தளர்ந்தால் சிலந்தியே இழுத்துக் கட்டித் தரும். அதற்குத் தனியாக எதுவும் கேட்காது. பகல் முழுக்க அடுத்தவர் ஓட்டுக்கே பின்னிக்கொண்டிருந்ததால் தனக்கென்று ஒரு வேட்டை வலை கட்ட அதற்கு நேரமும் இல்லை, நூலும் இல்லை. வந்து சேரும் ஈதான் சாப்பாடு. அந்தச் சாப்பாடுதான் வயிற்றில் நூலாகும்.

காட்டில் மழையழைப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. கோடை முடிந்து முதல் கருமேகம் தெரிகிற அன்று எல்லா விலங்குகளும் குளக்கரையில் கூடும். அவரவர் ஓட்டில் பிடித்துவைத்த பாட்டை அன்றைக்குத்தான் திறந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் திறந்து கேட்டால் மழை கோபித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. போன வருடத்து வலையெல்லாம் போன மழையிலேயே நைந்து போயிருக்கும். அதனால் கோடை வந்தால் சிலந்திக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

அந்தக் கோடையில் முதல் ஆளாக வந்தது காட்டெருமை. அதற்கு ஈ ஒரு பஞ்சமா? வாலை இரண்டு வீசு வீசியது. இலை நிறைந்தது. வலையை வாங்கிக்கொண்டு மேற்கே மேயப் போய்விட்டது.

இரண்டாவதாக வந்தது தூக்கணாங்குருவி. அதுவும் ஈ கொடுத்து ஒரு வலை வாங்கியது. ஆனால் அதில் பாடவில்லை. கிளையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"இவ்வளவுதானா? இதைவிடச் சிக்கலான கூட்டை நான் கண்ணை மூடிக்கிட்டே கட்டுவேனே" என்று சொல்லிக்கொண்டது.

உடனே கோரைப்புல்லில் நார் கிழித்து, அதே போல ஒரு வலை பின்னியது. அசலுக்கும் நகலுக்கும் ஒரே ஒரு வேற்றுமைதான். சிலந்தியின் வலையில் நடுவிலிருந்து ஓர் இழை கட்டாமல் தொங்கும். பிசிறு என்றால் தூக்கணாங்குருவிக்கு ஆகவே ஆகாது.

"சிலந்தி அக்கா முடிச்சுப் போட மறந்துட்டாங்க போல" என்று அந்த இழையை மட்டும் விட்டுவிட்டது.

அதற்கப்புறம் காட்டில் ஒரே கொண்டாட்டம். குருவி மரம் மரமாகப் பறந்து போய்க் கூவியது. "கலை எல்லாருக்கும் பொது! ஈ வேண்டாம், கொசு வேண்டாம். வந்து வாங்கிக்குங்க!"

ஓசியில் கிடைத்தால் எட்டிக்காயும் இனிக்கும். கரடி ஓடி வந்தது. அணில் வந்தது. தவளை மூச்சு வாங்கத் தாவி வந்தது.

"இதுக்கு நாங்க என்ன தரணும்?" என்று கரடி கேட்டது.

"ஒண்ணும் வேண்டாம் அண்ணே. மழையழைப்பு அன்னைக்கு இது யார் கொடுத்ததுன்னு நாலு பேர்கிட்ட சொன்னா போதும்."

"அப்ப எனக்கு ரெண்டு கொடு" என்றது கரடி.

சிலந்தியின் வாசலில் இலை காலியாகக் கிடந்தது. இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று அது காத்திருந்தது. ஒருவரும் வரவில்லை. சிலந்திக்கு வேறு ஓர் அவசரமும் இருந்தது. அது முட்டையிடும் காலம். முதல் மழை விழுவதற்குள் முட்டைகளுக்கு நூலால் ஒரு பை பின்ன வேண்டும். பாதிப் பை பின்னியதும் வயிற்றில் நூல் தீர்ந்துவிட்டது. பையை முடிக்க நூல் வேண்டும். நூலுக்கு ஈ வேண்டும். ஈ பிடிக்க வலை கட்டலாம் என்றால் அதற்கும் நூல்தான் வேண்டும்.

விஷயம் காதுக்கு எட்டியதும் சிலந்தி தூக்கணாங்குருவியின் மரத்துக்கே ஏறிப் போனது.

"தம்பி, என் வலையை எடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறியாமே?"

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? உங்க வலை உங்ககிட்டயே இருக்கே! நான் எதை எடுத்தேன்?"

சிலந்திக்கும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வயிறு மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்தப் பின்னலைக் கண்டுபிடிக்க எத்தனை வலையை நான் பிய்ச்சுப் போட்டிருப்பேன், தெரியுமா?"

"எனக்கு ஒரே நாள்தான் ஆச்சு" என்று பெருமையாகச் சொன்னது குருவி.

சிலந்தி ஆத்திரத்தோடு வீடு திரும்பியது. அங்கே கரடி ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வாங்கக்கா. பனியில வலை தொய்ஞ்சு போச்சு. கொஞ்சம் இழுத்துக் கட்டிக் குடுங்க."

சிலந்தி குனிந்து பார்த்தது. "இது நார். நான் பின்னினது இல்லையே?"

"பின்னினது யாரா இருந்தா என்ன? கோளாறு கோளாறுதானே? இதுல உங்களை விட்டா கெட்டிக்காரங்க யாரு இருக்கா?"

சிலந்தி எட்டுக் காலாலும் தலையில் அடித்துக்கொண்டது.

"கொடுத்த குருவிகிட்டயே போய்க் கேளுங்க."

"அது ஓசியில கொடுத்தது. அதைப் போய் எப்படித் தொந்தரவு பண்றது?" என்று கரடி சங்கடப்பட்டது. ஓசியில் கொடுத்தவரிடம் கரடிக்கு அவ்வளவு மரியாதை.

சில நாளில் மேற்கே கருமேகம் தெரிந்தது. எல்லோரும் குளக்கரையில் கூடினார்கள். சிலந்தியும் பாதிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக வந்து உட்கார்ந்தது. தூக்கணாங்குருவி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரமான கிளையில், சிறகைக் கோதிவிட்டுக்கொண்டு அமர்ந்திருந்தது.

முதலில் கரடி வந்தது. தொண்டையைக் கனைத்தது. "இந்த ஓடு நம்ம குருவித் தம்பி அன்பாக் கொடுத்தது" என்று மறக்காமல் சொல்லிவிட்டு வலையைச் சுண்டியது.

ஓட்டிலிருந்து வந்தது கரடியின் பாட்டு இல்லை. தூக்கணாங்குருவியின் குரல்.

"இது கரடிக்கு. தொண்டையில தேனடை சிக்கின மாதிரி கர்ரு கர்ருன்னு... இதெல்லாம் பாட்டாம். ஓசின்னா ஓடி வரும், கொடுத்துத் தொலைப்போம்."

குளக்கரையே குலுங்கிச் சிரித்தது. அணில் விழுந்து புரண்டு சிரித்தது. அந்தச் சிரிப்போடேயே தன் ஓட்டைச் சுண்டியது.

"அணிலுக்கு ஒண்ணு. கீச்சு கீச்சுன்னு காதைக் குத்தும். இதுக்கு மிச்சம் மீதி நாரே போதும்" என்றது குருவியின் குரல். அதோடு நிற்கவில்லை. அடுத்து அணிலின் குரலே கிளம்பியது. "கரடி தூங்கட்டும், அது ஒளிச்சு வச்ச பலாச்சுளையை ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம்."

கரடி மெதுவாக அணிலின் பக்கம் திரும்பியது. அணில் மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது.

தவளை தன் ஓட்டைத் திறக்காமல் குளத்துக்குள் தள்ளப் பார்த்தது. ஓடு கல்லில் உருண்டு, வலை தானாகவே அதிர்ந்தது. "தவளைக்கு அழுகின நார். சேத்துல கிடக்கிறதுக்குத் தெரியவா போகுது."

குருவியைத் தேடி எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அது கூட்டுக்குள் நுழைந்து வாலைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போது காட்டெருமை நிதானமாக வந்து தன் ஓட்டைச் சுண்டியது. ஒரு கரகரப்பு இல்லை. ஒரு வம்பு வார்த்தை இல்லை. எருமை பெரிய பாடகன் ஒன்றுமில்லை. ஆனாலும் அதன் தடித்த குரல், தண்ணீரில் இறங்கி நிற்கும் சுகத்தைப் பாடியபோது, மேகமே கொஞ்சம் கிட்டே வந்தது போலிருந்தது.

எல்லோரும் சிலந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, எருமையோட ஓட்டுல எப்படிப் பாட்டு மட்டும் வருது?"

"என் வலையில ஒரு இழை தொங்குமே, அதுதான் வலையோட காதுக்குக் கதவு" என்றது சிலந்தி. "பாட்டு வந்தாத்தான் அது திறக்கும். நின்னதும் தானாச் சுருங்கிக் காதை மூடிடும். அது இல்லாத வலை, பின்ன ஆரம்பிச்ச நேரத்திலேர்ந்து பக்கத்துல யார் பேசறதையும் கேட்டுக்கிட்டே இருக்கும்."

"அதை மட்டும் எங்க வலையில போட்டுக் குடுங்களேன்" என்றது தவளை.

"நூல் இல்லை."

சிலந்தி முதுகிலிருந்து பாதிப் பையை இறக்கி வைத்தது. "உங்க ஓடு கிடக்கட்டும். என் பிள்ளைங்களுக்குப் போர்த்தவே நூல் இல்லை. நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு இலை ஈ கொடுத்திருந்தா இந்தப் பை என்னைக்கோ முடிஞ்சிருக்கும்."

மேகம் உறுமியது.

கரடிதான் முதலில் எழுந்தது. அழுகிய விளாம்பழங்களைத் தேடிப் பிடித்துத் தன் உடம்பெல்லாம் பூசிக்கொண்டது. சிலந்தியின் பக்கத்தில் போய் அசையாமல் உட்கார்ந்தது. காட்டிலிருந்த ஈயெல்லாம் கரடியின் மேல் வந்து மொய்த்தது. மூக்கில் ஈ உட்கார்ந்து தும்மல் வந்தபோதும் கரடி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. எருமை வாலை வீசியது. தவளை நாக்கை நீட்டி நீட்டிப் பிடித்து, விழுங்காமல், மிகுந்த கஷ்டத்தோடு இலையில் துப்பியது. சிலந்தி தின்றது, பின்னியது, மறுபடி தின்றது. கடைசி முடிச்சு விழுந்த பிறகுதான் முதல் துளி விழுந்தது. பைக்குள் முட்டைகள் நனையவில்லை.

மழை விட்டதும் தூக்கணாங்குருவி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. அலகில் ஒரு கொழுத்த ஈ இருந்தது. அதை இலையில் வைத்துவிட்டு, "நான் வலையை எடுக்கலைன்னுதான் நினைச்சேன் அக்கா" என்றது.

"வலையை எடுக்கலை. என் சோத்தை எடுத்தே" என்றது சிலந்தி. "சரி விடு. உனக்கு முடையத் தெரியும், நல்லாவே தெரியும். ஓட்டைத் தொங்கவிட உறி ஒண்ணும் இந்தக் காட்டுல இல்லை. அதை யோசிச்சுக் கண்டுபிடி. அது உன்னுது."

குருவி இரவு பகலாக யோசித்தது. பல உறிகளைப் பிய்த்துப் போட்டது. கடைசியில் எந்தக் காற்றிலும் கவிழாத ஓர் உறியை முடைந்தது. ஓர் உறிக்கு ஒரு பிடி தினை என்று விலையும் வைத்தது. வியாபாரம் நன்றாக நடந்தது.

ஒருநாள் அது அலறிக்கொண்டு சிலந்தியிடம் பறந்து வந்தது. அப்போது சிலந்தியைச் சுற்றி அதன் குஞ்சுகள் காலாட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா! அநியாயம்! அந்தச் சில்லைக் குருவி என் உறியைப் பார்த்து அதே மாதிரி முடைஞ்சு எல்லாருக்கும் சும்மா கொடுக்குது! என்கிட்ட ஒருத்தரும் வரலை!"

சிலந்தி பின்னுவதை நிறுத்தவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏன் தம்பி கத்தறே? உன் உறி உன்கிட்டயே இருக்கே! அது எதை எடுத்தது?"

குஞ்சுகள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தன. சிரிப்பு அடங்கியதும் சிலந்தி எழுந்து, "வா, ரெண்டு பேருமாப் போய் அந்தச் சில்லைக்கு நம்ம கதையைச் சொல்லுவோம்" என்று குருவியோடு கிளம்பியது.

ஒருவர் மூளையைக் கசக்கிச் செய்த பொருளை விரும்பி எடுத்துக்கொள்கிறவர், அவருக்கு உரியதைக் கொடுக்காமல் போனால், அது களவுதான்.