மூன்று மாமன்கள், ஒரு மடி, ஒரு நிமிட வீடியோ

கூடப் பிறந்தவர்கள் மூன்று ஆண்கள் என்றால் ஒருத்திக்குச் சீருக்கும் குறைவிருக்காது, சண்டைக்கும் குறைவிருக்காது. பாளையங்கோட்டைப் பொற்கொடிக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வீடு தேடி வந்தன. அவள் மகள் குழலிக்கு வெள்ளிக்கிழமை கோயிலில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன்கள் மூன்று பேர். மடி ஒன்றுதான் வேண்டும்.

மூத்தவன் குமரேசன் சென்னையில் வங்கி அதிகாரி. முறைப்படி தன் மடிதான் என்று பட்டுவேட்டியே எடுத்துவிட்டான். "இல்லன்னா நான் கோயில் வாசலயே மிதிக்கமாட்டேன்" என்றான்.

"வருஷத்துக்கு ஒருக்கா வார ஆள் மடியில வச்சா பிள்ள வீல்னு கத்தும்" என்றான் அடுத்தவன் நம்பிராஜன். உள்ளூர்க் கல்லூரியில் பேராசிரியர்.

கடைக்குட்டி இசக்கிராஜா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். "யக்கா, நான் ஒண்ணும் கேக்கல. ஆனா அவங்களுக்குக் குடுத்தா சாப்பிடாம போயிருவேன்."

இந்த மூவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமை. மருமகளுக்கு அறிவு வளரட்டும் என்று ஆளாளுக்குக் குட்டிக் குட்டி வீடியோவாகப் பொற்கொடிக்கு அனுப்பித் தள்ளுவார்கள். அவள் போன் தோசைக்கல்லாகச் சுட்டது. காதுகுத்துக்கென்று மூவரும் வீட்டில் வந்து கூடிய அன்று பொறுமை போய்விட்டது.

"ஆளுக்கு ஒண்ணு போடுங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல கூடாது. எது பிள்ளைக்குத் தகுந்ததோ, அதைப் போட்டவங்க மடி. மத்ததெல்லாம் அழிச்சிருவேன்."

"தகுந்ததுன்னு எத வச்சுட்டி சொல்லுவ?" என்றான் குமரேசன்.

"அத நான் பாத்துக்கிடுதேன் பெரியண்ணே. நீங்க போடுங்க."

சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்தார்கள். எதிரே நாற்காலியில் குழலி, கையில் தோசைத் துண்டோடு.

முதலில் குமரேசனுடையது. எழுத்துகள் டும் டும் என்று குதித்து வந்தன. கண் மூடித் திறப்பதற்குள் யானை போய் ரயில், ரயில் போய் ராக்கெட். குழலி அசையவில்லை. தோசைத் துண்டு வாய்க்கும் போகாமல் தட்டுக்கும் போகாமல் அந்தரத்தில் நின்றது. முடிந்ததும் "இன்னும்!" என்று காலை உதைத்து ஒரே அலறல்.

"பாத்தியா, என்ன கவனம்!" என்று குமரேசன் பூரித்தான்.

"என்னட்டி பாத்த?" என்று கேட்டாள் அம்மா.

"டும் டும்" என்றது பிள்ளை.

அடுத்தது நம்பிராஜனின் நிறப் பாட்டு. பாட்டு இரண்டாம் முறை வரும்போதே குழலியும் சேர்ந்து பாடிவிட்டாள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஊதா என்று வரிசை பிசகவில்லை. பேராசிரியர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பொற்கொடி குழம்புக்கு அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது என்ன நிறம்?" என்றாள். குழலி சிவப்பில் ஆரம்பித்து ஊதா வரை முழுப்பாட்டையும் பாடி, தனக்குத் தானே கைதட்டிக்கொண்டாள். பொற்கொடி கத்தரிக்காயைப் பலகையிலேயே வைத்துவிட்டாள்.

கடைசியாக இசக்கிராஜாவுடையது. பாட்டில்லை, குதியாட்டமில்லை. ஒரு பெண் தண்ணீர்ச் சட்டியில் எலுமிச்சம்பழத்தைப் போட்டாள், மிதந்தது. ஸ்பூனைப் போட்டாள், முங்கியது. பிறகு ஒரு மரக்கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "இது என்னாகும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். குழலி நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கிப் போயே போய்விட்டாள். வீடியோ காலி நாற்காலிக்கு ஓடியது.

"ஒரு நிமிஷம் பிடிச்சு வைக்க முடியல. முடிஞ்சுது தம்பி மடி!" என்று அண்ணன்மார் சிரித்தார்கள். இசக்கிராஜா முகம் தொங்கப் பிள்ளையைத் தேடிக்கொண்டு போனான்.

சற்று நேரத்தில் பின்பக்கம் சளக் சளக் என்று சத்தம். பொற்கொடி போய்ப் பார்த்தாள். அரிசி களையும் சட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் குத்தவைத்திருந்தார்கள். இசக்கிராஜாவின் பேண்ட் முழங்கால் வரை ஈரம். சட்டியில் அவள் புருஷனின் செருப்பு ஜம்மென்று மிதந்தது.

"மாமா, இது என்னாகும்?" என்று குழலி எதையோ தூக்கிக் காட்டினாள்.

"தெரியலியே. போட்டுப் பாரு."

தொபக். "முங்கிட்டு! அம்மா, சாவி முங்கிட்டு!"

அது குமரேசனின் கார் சாவி.

சொட்டச் சொட்ட அதை எடுத்துக்கொண்டு பொற்கொடி உள்ளே வந்தாள். அண்ணன்கள் இருவரும் தலையோடு தலை முட்டிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிராஜாவின் வீடியோ எப்போதோ முடிந்து, அடுத்தது, அதற்கடுத்தது என்று தானாக ஓடி, இப்போது ஒரு பூனை பியானோ வாசித்துக்கொண்டிருந்தது. கண்ணெதிரே சாவியை ஆட்டினாள். குமரேசன் நிமிரவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பிள்ளையை அசையாமல் பார்க்க வைத்தது ஒன்று, பிசகாமல் ஒப்பிக்க வைத்தது ஒன்று, பாதியில் எழுந்து ஓட வைத்தது ஒன்று. இந்த மூன்றில் குழந்தைக்குத் தகுந்தது எது? மடி யாருக்கு? வெறும் பெயரைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம், காரணம் வேண்டும்.

விடை: மடி இசக்கிராஜாவுக்குத்தான். அசையாமல் உட்காருவது கவனம் என்றால், பூனையைப் பார்த்த குமரேசனுக்கும் பரிசு தர வேண்டியிருக்கும். ஒப்பித்ததில் நிறம் புரிந்திருந்தால், கத்தரிக்காயைக் காட்டியதும் ஊதா என்று பதில் வந்திருக்கும். மூன்றாவது மட்டும்தான் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. பிள்ளை பதிலைத் தேடிச் சட்டிக்கே போய்விட்டது. வெள்ளிக்கிழமை குமரேசன் கோயில் வாசலை மிதித்தான், பட்டுவேட்டியோடு; பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டது அவன்தான். நம்பிராஜன் நிறப் பாட்டை எடுத்துவிட, குழலியும் சேர்ந்து பாடி, ஊதா வருவதற்குள் இரண்டு காதும் முடிந்தது. அழுதது மடிக்காரன் மட்டும்தான். குழலி புதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவன் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டாள்: "மாமா, இது முங்குமா, மெதக்குமா?"