வீதம் குறைந்த வெள்ளிக்கிழமை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஐந்தாறு பேர் அங்கே கூடித் தியானம் செய்வார்கள். சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் ரீச்சர் என்றே அழைத்தார்கள்.

அன்று யதுசனால் கண்ணை மூடியிருக்க முடியவில்லை. அவன் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவன். வேலைதான் கிடைத்தபாடில்லை. பெருநகரங்களின் வேலை நிலவரம் மாதந்தோறும் வெளியாகும் காலையில், பல் விளக்குமுன்பே கைபேசியை எடுத்துவிடுவான். கல்கரி, மொன்றியல், வன்கூவர் எல்லாம் பார்த்து, கடைசியில்தான் பயந்து பயந்து ரொறன்ரோவுக்கு வருவான்.

“ரீச்சர், ஒரு கேள்வி.”

“கேளும்.”

“ரொறன்ரோவில வேலையில்லாதவையின்ர வீதம் இந்த மாதம் குறைஞ்சிருக்கு. எனக்கு ஏன் பயம் கூடுது?”

பக்கத்தில் இருந்த பாலேந்திரா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “ஊருக்கெல்லாம் கிடைச்சு உமக்கு மட்டும் கிடைக்கேல்லை எண்டால் பயம் வராதோ தம்பி?”

காலையிலிருந்து யதுசன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்.

ரீச்சர் கேட்டார்: “வேலையில்லாதவர் எண்டு ஆரை எண்ணுவினம்?”

“வேலை இல்லாமல், வேலை தேடிக்கொண்டிருக்கிறவையை. தேடாதவை கணக்கில இல்லை.”

“நீர் தேடுறீரோ?”

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“கொஞ்ச நாளா விட்டிட்டன். ஒரு இடத்துக்கு விண்ணப்பிக்க இண்டைக்குக் கடைசி நாள். எழுதி ஃபோனில வைச்சிருக்கிறன். அனுப்ப மனம் வரேல்லை. தேடுறதை விட்டிட்டன் எண்டு அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை.”

ரீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். “இங்க ஆருக்குப் பயமாயிருக்கு? கையைத் தூக்குங்கோ.”

யதுசனின் கை மட்டும் உயர்ந்தது.

“தம்பி, வெளியில போய் நில்லும். கதவைச் சாத்திவிடும்.”

அவன் காலுறையோடு போய் மாடிப்படியில் நின்றான். ஜாக்கெட் உள்ளே கிடந்தது. கீழ்க்கதவின் இடுக்கு வழியாகக் குளிர் ஏறி வந்தது.

உள்ளே ரீச்சரின் குரல் கேட்டது.

“இப்ப ஆருக்குப் பயம்?”

“ஒருத்தருக்கும் இல்லை” என்று யாரோ சொன்னார்கள்.

“பாத்தீங்களோ? இந்த அறையில பயமே இல்லாமல் போச்சு.”

பாலேந்திரா சிரித்தார். “நல்ல முன்னேற்றம் ரீச்சர். பேப்பரில போடலாம்.”

சிரிப்பு அடங்கியது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. உள்ளே தியானம் தொடங்கிவிட்டது போலிருந்தது. அவனுடைய விரல்கள் விறைத்தன. சட்டைப் பைக்குள் கைபேசி கனத்தது. இப்படியே படியிறங்கிப் போனாலும் ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்தது.

கதவைத் தட்டினான்.

“ஆர்?”

“நான்தான் ரீச்சர். இன்னும் பயமாத்தான் இருக்கு.”

கதவு திறந்தது. ரீச்சர் கையில் அவனுடைய ஜாக்கெட் இருந்தது.

அவன் வாசலிலேயே தயங்கினான். “நான் உள்ள வந்தால் திரும்பவும் கணக்குக் கூடிப்போகுமே.”

ரீச்சர் ஜாக்கெட்டை அவன் தோளில் போட்டார்.

“கூடட்டும். அந்த விண்ணப்பத்தை அனுப்பிப்போட்டு வந்து இரும்.”