முட்டையிடாத மூணு பொட்டை

ஒரு ஊர்ல ஒரு புத்திசாலி இருந்தான். ஊர் அப்படிச் சொல்லல, அவனே சொல்லிக்கிட்டான். பேரு நாச்சிமுத்து. பொண்டாட்டி பேரு ராமாயி. அவங்க கொல்லையில ஒரு கோழி குஞ்சு பொரிச்சு, கீச்சு கீச்சுன்னு பின்னாடியே இழுத்துக்கிட்டுத் திரிஞ்சுது. ம் கொட்டு. கொட்டலைன்னா நிறுத்திருவேன்.

அப்போ மேலேருந்து ஒரு பருந்து. சர்ர்ர்... லபக்! ஒரு குஞ்சு போச்சு. மறுநாளும் சர்ர்ர்... லபக்! இப்படிப் போயிப் போயி, மூணே மூணு குஞ்சு மிஞ்சுச்சு.

நாச்சிமுத்து என்ன பண்ணினான்? பஞ்சாரத்தைக் கவுத்துப் போட்டு மூடியிருக்கலாம்.

பஞ்சாரம்னாவா? கோழி அடைக்கிற பெரிய மூங்கில் கூடை. நடுவுல பேசாத.

அதெல்லாம் நம்மளாட்டம் முட்டாளுங்க பண்ற வேலை. அவன் புத்திசாலி இல்லையா? நேரா முனியப்பன் கோயிலுக்குப் போனான்.

"முனியப்பா! இந்த மூணையும் காப்பாத்திக் குடு. வளர்ந்ததும் பங்கு போட்டுக்கலாம். சேவல் உனக்கு, பொட்டை எனக்கு."

பக்கத்துல நின்ன பூசாரி காதுல இது நல்லா விழுந்துச்சு.

அன்னையிலேருந்து பருந்துக்கு ஒண்ணும் சிக்கல. ஏன்னா ராமாயி அன்னைக்கே பஞ்சாரத்தை எடுத்து மூடிட்டா. பேரு என்னமோ முனியப்பனுக்கு. சரி, போகட்டும்.

அப்புறம் மூணும் வளர்ந்துச்சு. தொடை ஒண்ணொண்ணும் உருண்டு திரண்டு வந்துச்சு. நாச்சிமுத்துவுக்கு அதைப் பாக்கப் பாக்க வாயில தண்ணி. மிளகு அரைச்சுப் போட்டு ஒரு குழம்பு வச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கிட்டே படுப்பான், நினைச்சுக்கிட்டே எந்திரிப்பான்.

அப்போ பக்கத்து வீட்டுச் செங்காயி வேலிக்கு மேல எட்டிப் பாத்தா.

"என்னண்ணே, மூணுக்கும் கொண்டை செவசெவன்னு ஏறிப்போச்சு? சேவலாட்டம் தெரியுதே!"

"பொட்டைன்னா அழகா இருக்கக் கூடாதா? உன்னை மாதிரியே எல்லாம் இருக்குமா?"

செங்காயி 'வெடுக்'னு போயிட்டா.

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சுப் பூசாரி அந்த வழியா வந்தார்.

"நாச்சி, முதுகு இறகு கூர்கூரா இருக்கு. வாலு அருவாளாட்டம் வளைஞ்சிருக்கு. பொட்டைக்கு இறகு நுனி மழுங்கலால்ல இருக்கும்?"

"காத்தடிச்சு வளைஞ்சிருச்சு சாமி."

"மூணுக்குமா?"

"மூணும் ஒரே பக்கமா நின்னுச்சு."

ம். அப்புறம் ஒரு நாள் விடியக்காலம். மூணுல பெருசு குப்பைமேட்டுல ஏறி, கழுத்தை நீட்டி, "க்ர்ர்... கொர்ர்... க்ரோஓஓ"ன்னுச்சு. தெருவே திரும்பிப் பாத்துச்சு.

"சளி"ன்னான் நாச்சிமுத்து. தூதுவளை ரசம் வச்சு அது வாயில ஊத்தினான். ரசம் உள்ள போனதும் தொண்டை நல்லாத் தெளிஞ்சு போச்சு. "கொக்கரக்கோஓஓ!"

சிரிக்காத. தூங்கறதுக்குச் சொல்ற கதை.

அப்புறம் திருவிழா வந்துச்சு. பூசாரி ஊரைக் கூட்டி வச்சுக்கிட்டுக் கேட்டார்.

"நாச்சிமுத்து, சாமி பங்கு எங்கப்பா?"

"சாமி பங்குல ஒண்ணுமே இல்லைங்க. மூணும் பொட்டை."

"முனியப்பன் முன்னால சொல்லு."

"மூணும் பொட்டை! மூணும் பொட்டை! மூணும் பொட்டை!"

பூசாரி விபூதி குடுத்து அனுப்பிட்டார்.

ஜெயிச்சாச்சு! வீட்டுக்கு ஓடி வந்து கத்தியை எடுத்தான். சரக் சரக்குன்னு தீட்டினான்.

"ராமாயி, மிளகை அரை."

"எதுக்கு?"

"ஒண்ணை அறுக்கப் போறேன்."

"முட்டை வைக்கப் போற வெடக்கோழியை யாராச்சும் அறுப்பாங்களா? நீதானே இப்ப ஊரு பூரா கேக்கச் சொல்லிட்டு வந்த, பொட்டைன்னு?"

சேவல்னு சொன்னா சாமிக்குப் போயிரும். பொட்டைன்னு சொன்னா சட்டிக்கு வராது. நாச்சிமுத்து கத்தியைக் கூரையில சொருகிட்டுப் புளிச்சாறு ஊத்திச் சாப்பிட்டான்.

அப்புறம் தீபாவளி வந்துச்சு. கத்தி, சரக் சரக். "இன்னும் ஒரு முட்டைகூட வைக்கலையே, பொறு"ன்னா ராமாயி. அப்புறம் மச்சான் வந்தான். கத்தி, சரக் சரக். "அண்ணே, இது உங்க மாப்பிள்ளை ஆசையா வளக்கற பொட்டைங்க, எப்ப வேணாலும் முட்டை வைக்கும்"னா. மச்சானுக்குக் கத்திரிக்காய்.

என்ன? ராமாயிக்குத் தெரியாதான்னு கேக்கறியா? தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தா. நீயும் பழகு.

இந்த மூணும் என்ன பண்ணுச்சு? கம்பு தின்னுச்சு. சோளம் தின்னுச்சு. ஒண்ணையொண்ணு கொத்திச் சண்டை போட்டுச்சு. விடியறதுக்கு முன்னாடியே கூரையில ஏறி, சரியா நாச்சிமுத்து தலைக்கு மேல நின்னு கூவுச்சு. ஒண்ணு முடிச்சா ஒண்ணு. தூக்கம் போச்சு. தானியம் போச்சு. குழம்பு வரவே இல்ல.

கடைசில அவனால தாங்க முடியல. மூணையும் காலைக் கட்டித் தலைகீழாத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடினான்.

"சாமி, மன்னிச்சிருங்க. இது மூணும் சேவல்! முனியப்பன் பங்கு. எடுத்துக்குங்க!"

பூசாரி மூணையும் திருப்பித் திருப்பிப் பாத்தார். கொண்டையைப் பாத்தார். வாலைப் பாத்தார். அப்போ பெருசு தலைகீழாத் தொங்கிக்கிட்டே "கொக்கரக்கோஓஓ!"ன்னுச்சு.

பூசாரி தலையை ஆட்டினார்.

"சளி பிடிச்சிருக்கு போல. தூதுவளை குடு."

"சாமி! சேவல் சாமி!"

"முனியப்பன் முன்னால மூணு தடவை சொன்னியேப்பா. அவர் பொய்யைக் கேட்டுக்கிட்டு நின்னாருன்னா சொல்ற? பொட்டையெல்லாம் உன் பங்கு. பத்திரமா வளத்துக்க."

அவ்வளவுதான். திரும்பத் தூக்கிக்கிட்டு வந்தான். வேலிக்கு மேல செங்காயி நின்னுக்கிட்டு இருந்தா.

"என்னண்ணே, முட்டை வச்சுதா?"

மேலே கூரையில மூணும் கூவுச்சு. நாச்சிமுத்து கம்பு அளந்துக்கிட்டே சொன்னான்.

"நாளைக்கு வைக்கும்."

சேவல் மூணும் கூரையில. நாச்சிமுத்து கீழ. கதை பஞ்சாரத்துக்குள்ள. மூடியாச்சு. கண்ணை மூடு.