பார்வைக்கு மட்டும்

"டீச்சர், இந்தக் கண்ணாடியை வச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னே தெரியல. ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க."

செங்கமடை கிளை நூலகர் குருசாமியின் புலம்பல் இது. பெயர்தான் குருசாமி. இந்தக் கதையில் சிஷ்யர் அவர்.

அவர் மனசுக்குள் குருவாக வைத்திருந்தது ஜெசிந்தாவை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நடமாடும் நூலகம் அவள் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நூலகர்களுக்கு நடந்த பயிற்சியில் பாடம் எடுக்க வந்தாள். ஆள் வந்தால் முதலில் நிமிர்ந்து பாருங்கள் என்பதுதான் அவள் சொன்ன முதல் பாடம்.

இருபத்தாறு வருஷமாகக் குனிந்த தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்த மனுஷர். அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு இவர் அண்ணாச்சி.

அன்றைக்குச் சனிக்கிழமை. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, புத்தகம் மாற்றிப்போக வந்திருந்தாள். வந்தவளை உட்காரக்கூட விடவில்லை அவர்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து நான்கு மெய்நிகர் கண்ணாடி வந்து இறங்கியது. தலையில் மாட்டினால் காலடியில் மீன் நீந்தும், மூக்குக்கு நேரே பனிமலை நிற்கும். கூடவே ஒரு டேப்லெட். படப் புத்தகத்தின் மேல் பிடித்தால் பக்கத்திலிருந்து யானை எழுந்து நின்று காதை ஆட்டும்.

முதல் வாரம் திருவிழாக் கூட்டம். இரண்டாவது வாரம் பாதி. இப்போது ஈ காக்காய் கிடையாது.

உபயோகம் இல்லாத இடத்திலிருந்து எடுத்து வேறு ஊருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆள் வருகிறது.

குருசாமிக்கு இது மானப் பிரச்சினை. ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டேனே, தினமும் நானே துடைத்து நானே பூட்டினேனே, இப்படித் தூக்கிக்கொண்டு போனால் ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவது என்று புலம்பித் தீர்த்தார்.

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள்.

அந்தப் பதிவேட்டில் ஒரு கூத்து இருந்தது. கண்ணாடிகளை அதில் ஏற்றிய அன்றைக்கு அவருக்குப் பெரிய குழப்பம். புத்தகம் என்றால் கதையா வரலாறா என்று பிரித்துவிடலாம். இதை எந்த வகையில் சேர்ப்பது? அரைநாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் பளிச்சென்று தோன்றியது. பார்க்கிற சாமான்தானே! 'பார்வை நூல்' என்று எழுதிவிட்டார்.

நூலகத்தில் பார்வை நூல் என்றால் அகராதி, கலைக்களஞ்சியம் மாதிரி. அங்கேயே புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டும். வீட்டுக்குத் தருவதில்லை. அதற்கென்று ஒரு ரப்பர் முத்திரையே உண்டு. நான்கு பெட்டியிலும் அதைக் குத்தினார். குத்தின பிறகு சட்டம் சட்டம்தான்.

ஜெசிந்தா அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். உதட்டோரம் சிரிப்பு வந்து போனது. இதை யாராவது வீட்டுக்குக் கேட்டார்களா என்று விசாரித்தாள்.

கேட்கத்தான் கேட்டார்கள் என்று இழுத்தார் குருசாமி.

கேட்டது மாடக்கண்ணுவுக்காக. லாரி டிரைவர். காஷ்மீர் வரைக்கும் லோடு கொண்டுபோனவன். ஊரில் இருக்கும் நாளெல்லாம் நூலகத்தில்தான் கிடப்பான். பயணப் புத்தகம் ஒன்று பாக்கி விடமாட்டான். படித்துவிட்டு, இதை எழுதின ஆள் அந்த ரோட்டில் போனதே இல்லை என்று குருசாமியிடம் சண்டைக்கு வருவான்.

போன வருஷம் ஒரு விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இரண்டு தெரு தள்ளி, கட்டிலில் கிடக்கிறான். இப்போதெல்லாம் அவனுக்குப் புத்தகம் மாற்ற வருவது அவன் அக்கா முப்பிடாதி.

அவள் மூன்று தடவை கேட்டுவிட்டாள். அதில் லடாக் ரோடு தெரிகிறதாமே, அதைப் பார்க்கணும் பார்க்கணும் என்று தம்பி உயிரை விடுகிறான், ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும், நானே பத்திரமாகக் கொண்டுவந்து வைக்கிறேன் என்றாள். மூன்றாவது தடவை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தரையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன் டீச்சர். இது வெளிய போகக் கூடாதும்மா, நூலகம் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு, தம்பியை வரச் சொல்லுங்கன்னேன். தப்பா ஒண்ணும் சொல்லலையே?"

ஜெசிந்தா பதிவேட்டை மூடி வைத்தாள். மேஜை மேலிருந்த முத்திரையை எடுத்து மையில் ஒற்றினாள்.

"கையைக் கொடுங்க அண்ணாச்சி."

எதற்கென்று கேட்காமல் நீட்டினார். குரு கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே. புறங்கையில் நச்சென்று ஒரு குத்து விழுந்தது.

பார்வைக்கு மட்டும். வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.

குருசாமி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. அலமாரிப் பக்கம் போய்த் தன் வண்டிக்கு வேண்டிய புத்தகங்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

மணி ஒன்றரை ஆயிற்று. குருசாமிக்குப் பசி பொறுக்காது. நேரத்துக்கு இலையில் உட்காராவிட்டால் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவார். வீடு பின் தெருவில்தான். செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சாப்பிட."

"கையில என்ன எழுதியிருக்கு?"

விளையாடுகிறாள் என்று நினைத்தார். அவளோ ஒரு ஸ்டூலை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டாள். கையில் ஒரு புத்தகம் வேறு.

குருசாமி நயமாகச் சொல்லிப் பார்த்தார். சோறு ஆறிப்போகும் என்றார். வீட்டுக்காரி தேடி வந்தால் நன்றாக இருக்காது என்றார். அவள் பக்கத்தைப் புரட்டினாள். பத்து நிமிஷம் இப்படியே போனது. பசி காதை அடைக்க, குருவாவது சிஷ்யனாவது, அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"இப்ப நான் என்னதான் செய்யணும்ங்கிறீங்க?"

"சட்டம் சட்டம்தானே அண்ணாச்சி. நீங்க வெளிய போகக் கூடாது. சோத்தை இங்க வரச் சொல்லுங்க."

"வரச் சொல்லவா? சோத்துக்கு என்ன காலா இருக்கு, எந்திரிச்சு நடந்து வர?"

சொல்லிவிட்டார்.

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ஜெசிந்தா எழுந்தாள். ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்தாள். புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

குருசாமி அதே இடத்தில் நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற இடம் இதுதான். அன்றைக்கும் தான் நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தார். இரவல் ஏட்டில் மாடக்கண்ணு என்று எழுதினார். திருப்பித் தர வேண்டிய நாள் என்ற இடத்தில், எல்லாப் புத்தகத்துக்கும் போடுகிற மாதிரி, பதினைந்து நாள் தள்ளித் தேதி போட்டார். திங்கட்கிழமை ஆள் வந்தால், இரவலில் போயிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் சட்டம்தான்.

பின் தெருப் பக்கம் திரும்பவில்லை. நேரே நடந்தார். வெயிலில் வேர்த்து, கையிலிருந்த முத்திரை நீலமாகக் கசிந்தது.

கதவைத் திறந்த முப்பிடாதி அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன சார், சாப்பாட்டு நேரத்தில் இவ்வளவு தூரம் என்றாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் குருசாமி நினைத்தார். முடியவில்லை. தரையைப் பார்த்துத்தான் பேசினார்.

"தம்பியை வரச் சொன்னேன்லம்மா. அதான் நான் வந்துட்டேன்."