மூச்சை மறைத்த ஊளை

அந்தக் காலத்தில், மிருகங்களுக்குப் பசியைப் போலவே பேச்சும் இருந்தபோது, செம்மண் தேரிக்காட்டில் நரிகள் ஓர் ஆட்டம் வைத்திருந்தன. ஆட்டம் என்று அவைதான் சொல்லிக்கொண்டன. தங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி மேய வந்த முயல்குட்டியைப் பிடித்து, முள் அடர்ந்த உடைமரத்தடியில் போட்டுவிடும். தாயோ தகப்பனோ கோட்டிலிருந்து ஒரே மூச்சில் ஓடிவந்து, குட்டியைத் தொட்டு, கூட்டிக்கொண்டு கோட்டுக்குத் திரும்ப வேண்டும். மூச்சு விடவில்லை என்பதற்கு அடையாளமாகச் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் அறுந்தால் இரண்டும் இரை.

சத்தம் அறுவதைக் கேட்டுச் சொல்லும் வேலை கூர்க்காதி என்ற பெண்நரிக்கு. அறுந்ததும் அவள் வாலைத் தூக்குவாள், மற்றவை பாயும். முயல்கள் "ஆ" என்று கத்திக்கொண்டு வரும், பாதியில் மூச்சு வாங்கி விழும். பார்த்துப் பார்த்து அவளுக்குக் கொட்டாவிதான் வந்தது. யார் பெற்ற பிள்ளையோ, அவளுக்கென்ன?

அன்று பிடிபட்ட குட்டியைத் தேடி வெள்ளச்சி என்ற முயல் வந்தாள். கூர்க்காதிக்குக் காலையிலிருந்து பசியில் வயிறு காந்திக்கொண்டிருந்தது.

"வழக்கம் தெரியும்லா?" என்றான் நரித்தலைவன் மொட்டைவால்.

"தெரியும் அண்ணாச்சி. சத்தம்னா எந்தச் சத்தமும் கொடுக்கலாம்லா?"

"பாடிக்கிட்டே வாயேன், எங்களுக்கு என்ன?"

நரிகள் சிரித்தன. வெள்ளச்சி மூச்சை இழுத்துப் பிடித்துக் கோட்டைத் தாண்டினாள்.

"பொட்டு பொட்டு எம்பொட்டு, மழையில பொறந்த எம்பொட்டு, கூடப் பொறந்ததையெல்லாம் பருந்து கொண்டுபோக ஒத்தையா நின்ன எம்பொட்டு, தன் காது நிழலப் பாத்துத் தானே பயந்த எம்பொட்டு..."

ஒரு நரிக்குட்டி களுக்கென்று சிரித்தது. அதன் தாய் அதட்டவில்லை. உடைமரத்தடியில் சுருண்டு கிடந்த குட்டியைக் கூர்க்காதி அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். அதற்குப் பெயர் பொட்டு.

வெள்ளச்சி குட்டியைத் தொட்டுவிட்டாள். ஆனால் அதன் காலில் முள். அது நொண்டியது. தனியாக ஓடினால் நாலு தாவலில் கோட்டைத் தொட்டுவிடுவாள். விட்டுவிட்டு எப்படி ஓடுவாள்? குட்டியின் நடைக்கே நடந்தாள். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

"பருந்து திரும்பி வந்த அன்னிக்கு எம்பொட்டு என்ன செஞ்சான் தெரியுமா, ஓடல, ஒளியல, அம்மா முன்னால வந்து நின்னு..."

குரல் மெலிந்தது. நரிகள் எல்லாம் கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. கோட்டுக்கு இன்னும் ஒரே தாவல்.

சத்தம் அறுந்தது.

வேறு யாருக்கும் இன்னும் உறைக்கவில்லை. கூர்க்காதியின் காதுக்குத் தப்புமா? வாலைத் தூக்க வேண்டும். வயிறு தூக்கு என்றது. தூக்கினால் பொட்டு செத்துப்போவான். அவளால் தாங்க முடியவில்லை. வாலை மண்ணோடு அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்து, "ஊ..." என்று ஊளையிட்டாள்.

ஒரு நரி ஊளையிட்டால் மற்ற நரிக்கு வாய் சும்மா இருக்குமா? தேரிக்காடே அலறியது. அந்த அலறலுக்குள் தாயும் பிள்ளையும் கோட்டைத் தாண்டி விழுந்தார்கள்.

சத்தம் அடங்கியதும் மொட்டைவால் அவள் பக்கம் திரும்பினான். "உள்ளதைச் சொல்லு கூர்க்காதி, நடுவுல சத்தம் அறுந்துச்சா?"

"நீ போட்ட கூப்பாட்டுல எனக்கு எங்க கேட்டுது?"

மொட்டைவாலுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அத்தனை பேரிலும் அதிகமாகக் கத்தியவன் அவன்தான். பிறகு கோட்டுக்கு அப்பால் பார்த்து, "ஏ வெள்ளச்சி! பருந்துகிட்ட அவன் என்னதான் செஞ்சான்? சொல்லிட்டுப் போ!" என்றான்.

நரிகள் அன்று பட்டினிதான் படுத்தன.

சடுகுடு ஆடுகிறவர் மூச்சு விடாமல் பாடிப்போவதும், அவரைப் பற்றித் துளிக் கதை தெரிந்துவிட்டாலே போதும், அவர் மூச்சு முட்டிக் கோட்டை நெருங்கும்போது எதிரூர்க்காரர்கூடத் தன்னை மறந்து தொண்டை கிழியக் கத்துவதும் அன்று முதல்தான்.