தேருக்கு முன்னால் போனவர்கள்

குன்றைமாநகரில் தளபதி ரணசூரரின் தேர் கிளம்பிவிட்டது என்று தெரிந்தால் போதும், கடைத்தெரு முழுக்கச் சுவரோரம் ஒட்டிக்கொள்ளும். கத்தரிக்காய் விற்பவர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வளையல்காரர் கடைக்குள்ளேயே தாவுவார். தளபதிக்கு அப்படி ஒன்றும் தலைபோகிற வேலை கிடையாது. அரண்மனையில் மதியச் சாப்பாடு ஆறிவிடும், அவ்வளவுதான். மகாராணியின் அண்ணன் என்பதால் தட்டிக்கேட்க ஆளில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மோர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்த பொம்மாயியால் ஓட முடியவில்லை. சக்கரம் இடித்து அவளுடைய வலது கால் எலும்பு முறிந்தது.

தளபதி தேரை நிறுத்தவில்லை. நேரே அரசர் கோதண்ட ராஜாவிடம் போய் முறையிட்டார். "மோர்க்காரி ஒருத்தி என் தேருக்கு முன்னால் வந்துவிட்டாள், மகாராஜா. சக்கரத்தில் கீறல் விழுந்துவிட்டது."

ராஜா பொல்லாதவர் இல்லை. ஆனால் அன்று காலையில்தான் மகாராணியோடு சின்ன மனஸ்தாபம். அவள் அண்ணனால் இன்னொன்று வேண்டாமே என்று நினைத்தார். தளபதி அங்கேயே எழுதி நீட்டிய சட்டத்தைப் பாதி படித்துவிட்டு முத்திரை குத்தினார். சட்டம் இதுதான்: 'ஓடுகிற தேருக்கோ வண்டிக்கோ முன்னால் யார் போனாலும் குற்றம் அவர்களுடையதே. தண்டனை, ஒரு மாதக் காவல்.'

அதை நிறைவேற்றும் பொறுப்பு அமைச்சர் நாகலிங்கத்தின் தலையில் விழுந்தது. அவர் பொம்மாயியின் வீட்டுக்குப் போனார். காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். மடியில் ஆறு மாதக் குழந்தை.

"நாளைக்குக் காவலுக்கு வரணும்னு சொன்னாங்க," என்றாள் பொம்மாயி. "வந்துடறேங்க. பால்குடிக்கிற பிள்ளை. கூடவே தூக்கிட்டு வரலாமுங்களா?"

நாகலிங்கம் குழந்தையின் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சட்டத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தார். நாலாவது தடவை சொன்னபோது நின்றார். அப்படியே திரும்பி அரண்மனைக்கு நடந்தார்.

"மகாராஜா, சட்டத்தில் ஒரு சந்தேகம். முன்னால் யார் போனாலும் என்றால், யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்."

"கால் கணக்கு ஏதும் உண்டா?"

மோர்க்காரியின் கால் ஒடிந்த சேதி அதற்குள் அரண்மனைக்கும் வந்திருந்தது. அதைக் குத்திக்காட்டுகிறார் என்று ராஜாவுக்குச் சுருக்கென்றது. "ஒற்றைக் காலோ பத்துக் காலோ, சட்டம் சட்டம்தான். இதுவரை முன்னால் போனவர்களையும் விடாமல், பழைய குற்றவாளியிலிருந்து வரிசையாகப் பிடித்துப் போடுங்கள்."

"உத்தரவு," என்று கும்பிட்டுவிட்டுப் போனார் நாகலிங்கம்.

மறுநாள் விடிந்ததும் காவலர்கள் தளபதியின் லாயத்துக்குப் போய் நாலு குதிரைகளையும் பிடித்துக் காவலில் அடைத்தார்கள். தளபதி கொதித்துப் போனார். ராஜாவே பல்லக்கு அனுப்பி அழைக்கட்டும் என்று வீட்டுக்குள் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நாள் உட்கார்ந்தார். பல்லக்கு வரவில்லை. வீட்டுச் சாப்பாடு அலுத்துப்போய், நாலாம் நாள் அரண்மனைக்கு நடந்தே கிளம்பினார்.

கடைத்தெருவில் நடந்து அவருக்குப் பழக்கமில்லை. பூசணிக்காய் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று மேட்டிலிருந்து இறங்கி வந்ததை அவர் பார்க்கவில்லை. இடித்துத் தள்ளியது. சபைக்கு நொண்டிக்கொண்டுதான் வந்து சேர்ந்தார். பின்னாலேயே வண்டிக்காரன் பேச்சியும் வந்து நின்றான்.

"என் குதிரைகளை அடைத்திருக்கிறார் இந்த மனிதர்," என்றார் தளபதி.

ராஜா நாகலிங்கத்தைப் பார்த்தார். "குதிரைகள் என்ன குற்றம் செய்தன?"

"தேருக்கு முன்னால் போயின, மகாராஜா. தினமும் போயின. பொம்மாயி ஒரு தடவைதான் போனாள். பழைய குற்றவாளிகளை முதலில் பிடிக்கச் சொன்னீர்கள். விசாரித்தேன். நாலுமே மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் வண்டிமாடுகளே முந்நூறு இருக்கின்றன. பொம்மாயியின் முறை வர நாளாகும்."

ராஜா மீசையைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார். "நீ எதற்கு வந்தாய்?" என்று பேச்சியைக் கேட்டார்.

"தளபதியை என்ன செய்யணும்னு கேட்டுப் போகலாம்னு வந்தேன் சாமி," என்றான் பேச்சி. "என் வண்டிக்கு முன்னாடி மாடும் இல்லை, குதிரையும் இல்லை. பின்னாடி நின்னு நான் தள்ளறேன். முன்னாடி வந்தது அவர் ஒருத்தர்தான்."

தளபதி வலித்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கால் ஒடியவில்லை. வீங்கித்தான் இருந்தது. அதற்கே நிற்க முடியவில்லை அவரால்.

"மகாராஜா," என்றார் மெல்ல, "அந்தச் சட்டத்தைக் கிழித்துவிடலாம்."

"கிழித்துவிட்டு?"

"கடிவாளம் யார் கையிலோ, பொறுப்பும் அவர் கையில்," என்று எடுத்துக்கொடுத்தார் நாகலிங்கம். "தள்ளுகிறவனுக்கும் அதே. மேட்டில் பேச்சியும் பிடித்துத்தான் இறக்க வேண்டும்."

ராஜா அப்படியே எழுதச் சொன்னார். கடைத்தெருவில் எந்தத் தேரும் ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டக்கூடாது என்றும் சேர்த்தார். பொம்மாயி எழுந்து நடக்கும்வரை அவள் வீட்டு அடுப்புக்குத் தளபதி பொறுப்பு. வைத்தியரை வாரம் ஒருமுறை அவரே கூட்டிப்போக வேண்டும், அதுவும் நடந்து. எல்லாம் எழுதி முடிந்தபின் தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து நாகலிங்கத்துக்குப் போர்த்தினார்.

"சரி, அந்தக் குதிரைகளை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்."

"காலையிலேயே கதவைத் திறந்து வைத்துவிட்டேன், மகாராஜா. அவைதான் வெளியே வரமாட்டேன் என்கின்றன."

"ஏன்?"

"மூன்று நாளாகச் சாட்டையடி இல்லை. தீர்ப்பை மாற்றவேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றன."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது.